சொர்ணத்துக்கு ஆடி அழைப்பு

தென்காசியில் மனிதருக்குப் பஞ்சம் கிடையாது. தேரோட்டத்தன்று ரதவீதியில் நின்றால் மூச்சுவிட இடம் இருக்காது. அப்படியிருந்தும் நமசிவாயத்தின் மகள் வள்ளித்தாய்க்குக் கூட்டாளியாக வாய்த்தது ஒரு கழுதை. ஊர் அதைக் கேவலம் என்றது. வள்ளித்தாயைக் கேட்டால், இந்த ஊரோடு கூட்டு வைப்பதுதான் கேவலம் என்பாள். அவள் வாய் அப்படி.

அவளுக்கு ஒன்பது வயதிருக்கும்போது குற்றாலம் ரோட்டில் ஒரு லாரி தாய்க் கழுதையை அடித்துப் போட்டுவிட்டுப் போய்விட்டது. குட்டி மட்டும் பக்கத்தில் நின்றது. வழியில் போனவர்கள் எல்லாம் "ஐயோ பாவம்" என்றார்கள். செலவில்லாத சொல் என்பதால் தாராளமாகவே சொன்னார்கள். வள்ளித்தாய் சடையில் கட்டியிருந்த ரிப்பனை அவிழ்த்துக் குட்டியின் கழுத்தில் கட்டி வீட்டுக்கு இழுத்து வந்துவிட்டாள்.

அவளுடைய அம்மா ஆவுடையம்மாள் தலையில் அடித்துக்கொண்டாள். "கழுதைய வீட்டுக்குள்ள கொண்டாந்தா சாமி வெளிய போயிரும்ட்டி."

"போனாப் போட்டும். இத்தன நாளு உள்ள இருந்து என்ன செஞ்சிச்சு?" என்றாள் மகள்.

குட்டிக்குச் சொர்ணம் என்று பேர் வைத்தாள். அந்த வீட்டில் குன்றிமணித் தங்கம் கிடையாது. பேரிலாவது இருக்கட்டும் என்று நினைத்தாளோ என்னவோ. சொர்ணம் வளர்ந்தது, வள்ளித்தாயும் வளர்ந்தாள். இரண்டு பேருக்கும் ஊரைப் பற்றி ஒரே அபிப்பிராயம்தான். யாராவது பக்கத்தில் வந்து குழைந்தால் சொர்ணம் காதைப் பின்னால் மடக்கும், வள்ளித்தாய் மூக்கைச் சுளிப்பாள். பள்ளிக்கூடத்தில் பிள்ளைகள் "கழுதைக்காரி" என்றார்கள். அவள் அதற்குக் கோபப்பட்டதே இல்லை. "ஒங்க வீட்டுல உள்ளதுகளோட இருக்கறதுக்கு இது எவ்வளவோ மேல்" என்று சொல்லிவிட்டுப் போய்விடுவாள்.

பதின்மூன்று வயதில் அவள் பெரியவளானதும் பள்ளிக்கூடம் நின்றது. சன்னலுக்குப் பக்கத்தில் நிற்கக்கூடாது, வாசலுக்கு வரக்கூடாது, சத்தமாகச் சிரிக்கக்கூடாது. ஆனால் சொர்ணத்துக்குப் புல் வேண்டுமே! அடுப்புக்குச் சுள்ளியும் வேண்டும். அதைச் சாக்கிட்டு அவள் தினமும் சொர்ணத்தை ஓட்டிக்கொண்டு சிற்றாற்றங்கரைக்குப் போய்வந்தாள். கரையில் உட்கார்ந்து அன்றைக்கு யார் யார் என்னென்ன அற்பத்தனம் செய்தார்கள் என்று அதன் காதில் சொல்வாள். அது மென்றுகொண்டே கேட்கும். சொர்ணம் இருக்கிறவரைதான் தனக்கு வாசல் உண்டு, அது போனால் நாலு சுவர்தான் என்று அவளுக்கு நன்றாகத் தெரியும்.

அவளுடைய அப்பா நமசிவாயம் சிவனணைந்தபெருமாளின் பலசரக்கு மண்டியில் எடை போடுகிறவர். தராசு முள் நேராக நிற்கும். முதலாளி முன்னால் நமசிவாயம்தான் எப்போதும் ஒரு பக்கமாகச் சாய்ந்து நிற்பார். அந்த முதலாளியின் பெருமையைச் சொல்லித் தீராது. தென்காசியில் மண்டி, இலஞ்சி ரோட்டில் சுண்ணாம்புக் காளவாசல், குற்றாலத்தில் சீசனுக்கு வாடகைக்கு விடுகிற வீடுகள். கடையில் கல்லாவுக்கு மேலே கழுதைப் படம் ஒன்று தொங்கும். 'என்னைப் பார் யோகம் வரும்' என்று அதன் கீழே எழுதியிருக்கும். தினமும் காலையில் அதற்குக் கற்பூரம் காட்டிக் கன்னத்தில் போட்டுக்கொள்வார். பிறகு காளவாசலுக்குப் போய் உயிரோடு இருக்கிற கழுதைகளின் விலாவில் உதைப்பார். கழுதைக்குக் கற்பூர வாசனை தெரியாது என்பார்கள். கற்பூரம் காட்டுகிறவனுக்குக் கழுதை தெரியாதது பற்றி யாரும் பழமொழி சொல்லி வைக்கவில்லை.

நயா பைசா வந்த மறுவருசம் சாரல் பொய்த்தது. வைகாசி போய் ஆனியும் பிறந்துவிட்டது. குற்றாலத்தில் அருவி விழுகிற இடத்தில் வெறும் பாறை இளித்துக்கொண்டு நின்றது. உடம்பெல்லாம் எண்ணெயைத் தேய்த்துக்கொண்டு தொப்பையோடு வந்து நிற்கிற சீசன் கூட்டத்தில் ஒருத்தரையும் காணோம். வாடகை வீடுகள் பூட்டிக் கிடந்தன. அருவிக்கரையில் சோடாக்கடை வைத்திருந்த பால்வண்ணநாதன் ஈ ஓட்டிக்கொண்டிருந்தார். வயலில் நாற்று கருகியபோது இவர்களில் ஒருத்தரும் வாய் திறக்கவில்லை. சோடா விற்கவில்லை என்றதும் ஊருக்கே கேடு வந்துவிட்டது என்று கூட்டம் போட்டார்கள்.

கூட்டத்தில் முடிவானது கழுதைக் கல்யாணம். கழுதைக்குக் கல்யாணம் செய்து வைத்தால் மழை வரும் என்பது பழைய வழக்கம். மாப்பிள்ளையாகச் சிவனணைந்தபெருமாள் தன் காளவாசல் கழுதையைக் கொடுத்தார். பெண்தான் கிடைக்கவில்லை. துணி வெளுக்கிறவர்களிடம் கேட்டார்கள். "தாலி கட்டுன கழுதை எங்களுக்குத் துணி சுமக்குமா, ஒங்களுக்குச் சுண்ணாம்பு சுமக்குமா அண்ணாச்சி?" என்று கேட்டுவிட்டு அவர்கள் தங்கள் கழுதைகளை ஓட்டிக்கொண்டு போய்விட்டார்கள். ஊரில் கொஞ்சம் விவரம் இருந்தது அங்கேதான்.

அப்புறம் சொர்ணத்தின் ஞாபகம் வந்தது. காரியம் ஆக வேண்டுமென்றால் கழுதையானாலும் காலைப் பிடி என்பார்கள். நமசிவாயம் வீட்டு முன்னால் வேட்டியை இறக்கிவிட்டுக்கொண்டு வந்து நின்றார்கள். அதே பால்வண்ணநாதன் போன வாரம் சொர்ணத்தைக் கல்லால் அடித்தவர். "என்ன லட்சணம் பாரும் வேய்! கண்ணு ரெண்டும் மை எழுதுனாப்புல இருக்கு" என்றார்.

"போன வாரம் இந்தக் கண்ணு எங்கன போயிருந்திச்சு?" என்று உள்ளேயிருந்து வள்ளித்தாய் கேட்டாள்.

நமசிவாயம் மகளை அதட்டினார். முதலாளி கேட்டு இல்லை என்று சொல்கிற நாக்கு அவருக்கு வாய்க்கவில்லை. "ஒரு நாளு கூத்துட்டி. தாலிய கட்டிட்டு சாயங்காலம் கூட்டிட்டு வந்திரலாம்" என்று மகளிடம் சொன்னார். அவரும் அப்படித்தான் நம்பினார், பாவம்.

குற்றாலத்தில் காய்ந்த அருவிக்கு எதிரே பந்தல் போட்டார்கள். நோட்டீசு அடித்தார்கள். அதில் மணமகள் 'செல்வி சொர்ணம், தென்காசி நமசிவாயம் வீட்டுப் பெண்' என்று போட்டிருந்தது. அதை வாசித்து வாசித்து ஊர் சிரித்தது. சொர்ணத்துக்கு மஞ்சள் பூசி, கழுத்தில் மாலை போட்டு, முதுகில் ஒரு பழைய பட்டுப்புடவையை விரித்தார்கள். நாதஸ்வரக்காரர் மங்கள வாத்தியம் வாசித்தபோது மாப்பிள்ளை பெண்ணின் மாலையைத் தின்றது. அத்தனை கூட்டத்தில் தனக்கு வேண்டியது என்ன என்று அறிந்திருந்தது அது ஒன்றுதான்.

தாலி கட்டி முடிந்ததும் சிவனணைந்தபெருமாள் பந்தல் காலைப் பிடித்துக்கொண்டு உரக்கச் சொன்னார். "எல்லாரும் கேட்டுக்கிடுங்க. இன்னையிலேருந்து சொர்ணம் எங்க வீட்டு மருமவ. நமசிவாயம் எனக்குச் சம்பந்தி!"

கூட்டம் வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தது. நமசிவாயமும் சிரித்து வைத்தார். சிரிக்காதவர்கள் இரண்டு பேர். ஒருத்தி வள்ளித்தாய். இன்னொருத்தி முதலாளியின் மனைவி தங்கபுஷ்பம். கழுத்து நிறைய நகையோடு, வாயே திறக்காத பெண்பிள்ளை அவள். கண்ணை இறுக மூடி, கைகூப்பி, இரண்டு கழுதைகளுக்கும் முன்னால் கண்ணீர் வழிய நின்றுகொண்டிருந்தாள். வள்ளித்தாய் மூக்கைச் சுளித்தாள். மற்றவர்களாவது காசுக்காக ஆடுகிறார்கள், இவள் நிஜமாகவே கழுதையைக் கும்பிடுகிறாள், இந்த ஊரிலேயே பெரிய மடைச்சி இவள்தான் என்று நினைத்தாள்.

சாப்பாடு முடிந்து வள்ளித்தாய் சொர்ணத்தின் கயிற்றை அவிழ்க்கப் போனாள்.

"என்னட்டி செய்யுத?" என்று முதலாளி கேட்டார். "கட்டிக் குடுத்த பொண்ணக் கையோட கூட்டிட்டுப் போவாவளா? முறைன்னு ஒண்ணு இல்லையா? மாப்பிள வீட்டுலதான் இருக்கும்."

மறுபடியும் சிரிப்பு. அவருக்குப் பொதி சுமக்க ஒரு கழுதை இனாமாகக் கிடைத்துவிட்டது என்று அந்தக் கூட்டத்தில் எல்லாருக்கும் புரிந்தது. சிரித்துக்கொண்டே புரிந்துகொண்டார்கள். வள்ளித்தாய் அப்பாவைப் பார்த்தாள். நமசிவாயம் துண்டை எடுத்து முகத்தைத் துடைத்துக்கொண்டார்.

"மொதலாளி சொல்லுததும் முறைதான" என்றார்.

ஊர் முழுவதையும் வெறுத்தவள் அப்பாவை மட்டும் அதுவரை விட்டு வைத்திருந்தாள். அன்றைக்கு அவரையும் சேர்த்துக்கொண்டாள். வீடு வரைக்கும் அழுதுகொண்டே நடந்தாள், துடைத்துக்கொள்ளக்கூட இல்லை.

நாலைந்து நாளில் மேற்கே மேகம் இறங்கியது. அந்த மேகம் மலைக்கு அந்தப் பக்கம் மலையாளத்தில் எப்போதோ புறப்பட்டது. கொல்லத்திலிருந்து வந்த ரயில் பெட்டிகளெல்லாம் நனைந்துதான் வந்து நின்றன. அந்த மேகத்துக்குக் கல்யாண நோட்டீசு கிடைத்திருக்க வழியில்லை. ஆனால் சிவனணைந்தபெருமாள், தானே ஏணி வைத்து ஏறி மழையை இறக்கிக் கொண்டுவந்ததுபோல ரதவீதியில் நடந்தார். சாரல் விழுந்தது, அருவி கொட்டியது. எண்ணெய்த் தொப்பைகள் திரும்பி வந்தன. பால்வண்ணநாதனின் கடையில் சோடா உடைகிற சத்தம் ஓயவில்லை.

வள்ளித்தாய் வீட்டுக்குள் உட்கார்ந்திருந்தாள். புல் வேண்டாம், சுள்ளியை அப்பாவே கொண்டுவந்து போட்டார். வெளியே போக ஒரு காரணமும் மிச்சம் இல்லை. ஒரு வெள்ளிக்கிழமை ஆவுடையம்மாள் அவளைக் குற்றாலநாதர் கோயிலுக்கு அழைத்துப் போனாள். சன்னதித் தெருவில் முதுகு நிறைய விறகோடு சொர்ணம் எதிரே வந்தது. வாடகை வீட்டுக்கு விறகும் தண்ணீரும் சுமக்க அதைக் குற்றாலத்துக்கே கொண்டுவந்து கட்டிவிட்டார்கள். கழுத்தில் மஞ்சள் கயிறு அழுக்கேறிக் கிடந்தது. முதுகில் உள்ளங்கையகலப் புண். சீசனுக்கு வந்த ஒரு பையன் பின்னால் நடந்து அந்தப் புண்ணிலேயே குச்சியால் குத்திக்கொண்டு வந்தான். அவனுடைய அம்மா அதைப் பார்த்துப் பூரித்துக்கொண்டிருந்தாள்.

சொர்ணம் அவளைப் பார்த்ததும் நின்றது. தெருவே திரும்பும்படி கத்தியது. வேலைக்காரன் கயிற்றைச் சுண்டி இழுத்துக்கொண்டு போனான். வள்ளித்தாய் அந்தக் கத்தலைக் காதில் வைத்துக்கொண்டே வீடு வந்து சேர்ந்தாள். அதைத் திரும்பக் கொண்டுவராமல் தனக்குச் சோறு இறங்காது என்று அம்மாவிடம் சொன்னாள். "முறை முறைன்னு சொல்லிப் புடுங்கிட்டாவளே, என்னட்டி செய்ய முடியும்?" என்றாள் அம்மா.

வழி ஆடி மாதத்தோடு வந்தது. ஆடி பிறந்த அன்று, வைகாசியில் கட்டிக்கொடுத்த பக்கத்து வீட்டுப் பெண்ணைத் தாய்வீட்டார் போய்ச் சீர் வைத்து அழைத்து வந்தார்கள். புதுப் பெண் ஆடி முழுக்கத் தாய்வீட்டில்தான் இருக்கவேண்டும். அதைச் சன்னல் இடுக்கு வழியே பார்த்துக்கொண்டிருந்த வள்ளித்தாய் எழுந்தாள். பித்தளைத் தட்டைப் புளிபோட்டு விளக்கினாள். வெற்றிலை பாக்கு, மஞ்சள், வாழைப்பழம் வைத்தாள். மேலே ஒரு முழம் பிச்சிப்பூ வைத்தாள். தாவணியைச் சரியாகப் போட்டுக்கொண்டு, சன்னலில்கூட நிற்கக்கூடாத பெண், நடு ரதவீதி வழியே நடந்து மண்டிக்குப் போய் நின்றாள்.

சந்தை நாள். கடையில் நிற்க இடமில்லை. சரக்கு எடுக்க வந்த பால்வண்ணநாதனும் நின்றிருந்தார். தராசைப் பிடித்துக்கொண்டிருந்த நமசிவாயம் மகளைப் பார்த்ததும் எடைக்கல்லை மாற்றிப் போட்டார்.

"என்னட்டி?" என்றார் முதலாளி.

"ஆடி பொறந்திட்டுல்லா மாமா. பொண்ணை அழைச்சிட்டுப் போலாம்னு வந்தேன்."

மாமா என்ற சொல்லைக் கேட்டதும் கடையே அவள் பக்கம் திரும்பியது.

"எந்தப் பொண்ணை?"

"சொர்ணத்தைத்தான். பந்தல்ல வச்சு நீங்கதான சம்பந்தின்னு சொன்னிய? இந்தா பால்வண்ணநாத அண்ணாச்சியும் கேட்டுக்கிட்டுதான் நின்னாவ. ஆடிக்கு அழைக்காத மாமியாரத் தேடிப் பிடிச்சுச் செருப்பால அடின்னு ஊரு சொல்லுதுல்லா. எங்கம்மை எதுக்கு அடி வாங்கணும்? முறைன்னா முறைதான மாமா?"

யாரோ களுக்கென்று சிரித்தார்கள். பிறகு கடை முழுக்கச் சிரித்தது. பந்தலில் நமசிவாயத்தைப் பார்த்துச் சிரித்த அதே வாய்கள்தான். இன்றைக்கு முதலாளி பக்கம் திரும்பிக்கொண்டன. இந்த ஊர்ச் சிரிப்புக்கு எந்தப் பக்கம் என்று கிடையாது, ஆள் அகப்பட்டால் போதும். "பிள்ள கேக்கறது நியாயந்தான?" என்று பால்வண்ணநாதன் வேறு எடுத்துக்கொடுத்தார். சிவனணைந்தபெருமாளின் முகம் சிவந்தது. முறை இல்லை என்று சொன்னால் மழையை இறக்கிய கல்யாணமும் இல்லை என்றாகிவிடும்; அந்தப் பெருமையை விட அவருக்கு மனசில்லை. தலைக்கு மேலே படத்தில் கழுதை சும்மா பார்த்துக்கொண்டிருந்தது.

சட்டென்று அவருக்கு ஒரு யோசனை தோன்றியது. சாய்ந்து உட்கார்ந்து சிரித்தார். "அழைச்சா விடுறது யாரு? மாமியார்லா விடணும்? குற்றாலத்து வீட்டுல எங்க வீட்டம்மா இருக்கா. அவ வாயத் தொறந்து சரின்னு சொல்லி, அவ கையால அவுத்து விட்டா, தாராளமாக் கூட்டிட்டுப் போ. எல்லாரும் சாட்சி."

தங்கபுஷ்பம் வாய் திறந்து ஊரில் ஒருத்தர் கேட்டதில்லை. புருசன் சொல்லாமல் ஒரு கரண்டியைக்கூட அவள் இடம் மாற்றியதில்லை. அந்த மடைச்சியிடம் போய் எதைக் கேட்பது என்று வள்ளித்தாய்க்கே தோன்றியது. இருந்தாலும் தட்டைத் தூக்கிக்கொண்டு சாரலில் நனைந்தபடி குற்றாலத்துக்கு நடந்தாள்.

வீட்டின் முன்கட்டில் மதுரைப் பக்கத்துக் குடும்பம் ஒன்று எண்ணெய் வழிய உட்கார்ந்து, தோசை எங்கே, காப்பி எங்கே என்று கத்திக்கொண்டிருந்தது. பின்வாசலில் சொர்ணம் கட்டிக் கிடந்தது. அடுக்களைப் புகையிலிருந்து கண்ணைத் துடைத்துக்கொண்டு தங்கபுஷ்பம் வெளியே வந்தாள். வள்ளித்தாய் தட்டை நீட்டி விசயத்தைச் சொன்னாள்.

"நான் சம்மதிச்சா போதும்னு அவியளா சொன்னாவ?"

"ஆமா ஆச்சி. கடையில அத்தன பேரும் கேட்டாவ."

தங்கபுஷ்பம் தட்டை வாங்கிக்கொண்டாள். வெற்றிலையைப் பார்த்தாள், மஞ்சளைத் தொட்டுப் பார்த்தாள். பிறகு பேசினாள். குரல் கரகரவென்றிருந்தது.

"எனக்கும் மொத ஆடிக்கு வீரகேரளம்புதூர்லேருந்து எங்கப்பா வில்வண்டி கட்டிட்டு வந்தாவ. சீசன் நேரம், வீடு நெறைய ஆளு, பொங்கிப்போட ஆள் வேணும், அடுத்த ஆடிக்குப் பாப்போம்னு இவிய சொல்லிட்டாவ. ஆடிதோறும் சீசன்தான? ஆடிதோறும் அதே பேச்சுதான். எங்கப்பாவும் சாவுற வரைக்கும் வந்து பாத்தாவ."

"அன்னைக்குப் பந்தல்ல கண்ண மூடிக்கிட்டு அப்படிக் கும்பிட்டியளே ஆச்சி" என்றாள் வள்ளித்தாய்.

"நீங்க எல்லாரும் மழை பெய்யணும்னு கும்பிட்டிய. நான் பெய்யவே கூடாதுன்னு கும்பிட்டேன்" என்றாள் தங்கபுஷ்பம். "சாரல் இல்லன்னா சீசன் இல்ல. ஒரு ஆடிக்காவது ஊருக்குப் போயிரலாம்லா."

தட்டை உள்ளே கொண்டுபோய் வைத்துவிட்டு, தேங்காய் எண்ணெயில் மஞ்சளைக் குழைத்துக்கொண்டு வந்து சொர்ணத்தின் புண்ணில் தடவினாள். யார் வந்தாலும் காதை மடக்குகிற சொர்ணம் அவளுக்குக் காதை மடக்கவில்லை. பிறகு நகை குலுங்கக் குனிந்து முளையிலிருந்து கயிற்றை அவிழ்த்து வள்ளித்தாயின் கையில் கொடுத்தாள்.

"ஆடி கழிஞ்சதும் ஆள் அனுப்புவாவ. விட்டிராத. சூலா இருக்குன்னு சொல்லு. தலைப்பிரசவம் தாய்வீட்டுலதான்னு சொல்லு. முறைன்னு சொல்லிட்டா வாயத் தொறக்க மாட்டாவ."

"சூல் இல்லாட்டா?"

"கழுதை வயித்த எவன் வந்து பாக்கப் போறான்? அதுக்குள்ள அடுத்த கூத்து வந்திரும், ஊரு மறந்திரும்."

வள்ளித்தாய் கயிற்றைக் கையில் சுற்றிக்கொண்டாள். "நீங்களும் வாங்க ஆச்சி. தென்காசியிலேருந்து ஒங்க ஊருக்கு பஸ் இருக்கு" என்றாள்.

தங்கபுஷ்பம் வாசலைப் பார்த்தாள். ஒரு எட்டுக்கூட எடுத்து வைத்தாள். முன்கட்டிலிருந்து, "காப்பி என்னம்மா ஆச்சு?" என்று ஒரு தொப்பை கத்தியது.

"உலையில அரிசி கெடக்குட்டி" என்று சொல்லிவிட்டு உள்ளே போனாள். போன வேகத்தில் திரும்பி வந்து தட்டை வள்ளித்தாயின் கையில் வைத்துவிட்டு மறுபடியும் புகைக்குள் போய்விட்டாள்.

வள்ளித்தாய் சொர்ணத்தை ஓட்டிக்கொண்டு பின்வாசல் தெருவுக்கு வந்தாள். ஜெயித்தாகிவிட்டது. மண்டி வழியாகவே போகவேண்டும், முதலாளி பார்க்கப் பார்க்கப் போகவேண்டும் என்று வரும்போது நினைத்திருந்தாள். சொல்வதற்கு நாலு வார்த்தைகூடத் தயாராக வைத்திருந்தாள். இப்போது அதில் ஒன்றும் நாக்கில் வரவில்லை. நடந்துகொண்டே தட்டைப் பார்த்தாள். வெற்றிலை இருந்தது, பாக்கு இருந்தது, மஞ்சளும் பழமும் வைத்தது வைத்தபடி இருந்தன. பூவைக் காணோம்.

திரும்பிப் பார்த்தாள். அடுக்களைச் சன்னலில் தங்கபுஷ்பம் குனிந்து அடுப்பை ஊதிக்கொண்டிருந்தாள். ஆடி அழைப்புக்குக் கொண்டுபோன பிச்சிப்பூ அவள் தலையில் இருந்தது.